ஊமைப்பட நாயகியரின் பழைய ஒளிப்படங்கள்: புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படம் வாங்குவதற்கு முன் நான்கு சாமான்களை வாங்கிவிடுங்கள்: நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி 10 மடங்கு லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா (யுவி) டார்ச், மில்லிமீட்டர் குறி போட்ட இரும்பு ஸ்கேல், ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர். டார்ச்சில் மட்டும் கவனம் தேவை. விலை குறைந்தவை பெரும்பாலும் 395 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்து அடிப்பதால், எந்தத் தாளைக் காட்டினாலும் ஒளிர்கிற மாதிரியே இருக்கும்.

இவ்வளவு ஆயத்தம் எதற்கென்றால், இந்தப் பொருளில் முகம் சாட்சி சொல்லாது. கிரேட்டா கார்போவின் முகம் 1926-இல் அச்சான தாளிலும் அதேதான், போன வருடம் இன்க்ஜெட்டில் வந்த தாளிலும் அதேதான். வயதைச் சொல்வது தாளும் அதன் முதுகும். முகத்தைப் பார்த்து ஆசைப்படுங்கள்; முதுகைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

பெர்லின் அட்டைகளில் தொடங்குங்கள்

பெயர்பெற்ற ஹாலிவுட் ஒளிப்படக்காரரின் பெரிய பிரிண்ட்டை எடுத்த எடுப்பில் வாங்கப் போகாதீர்கள். ஹைன்ரிஷ் ரோஸ் என்பவர் பெர்லினில் நடத்திய ரோஸ் ஃபெர்லாக் பதிப்பகம் வெளியிட்ட நட்சத்திர அஞ்சலட்டைகள்தான் புதியவருக்கு நல்ல பள்ளிக்கூடம். 1920-களிலும் 30-களிலும் ரசிகர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கி ஆல்பத்தில் செருகியவை இவை. அளவு ஏறக்குறைய 9 × 14 சென்டிமீட்டர். மை அச்சு அல்ல, வெள்ளி உப்புத் தாளில் கழுவி எடுத்த நிஜ ஒளிப்படங்கள். ஏராளமாக அச்சானதால் சாதாரண நடிகையரின் அட்டை இன்றும் சில யூரோவுக்குக் கிடைக்கும். ஒரு தவறு செய்தாலும் கை சுடாது.

அட்டையின் அடிப்பகுதியை லென்ஸில் பாருங்கள். நடிகையின் பெயர், எண், படம் எடுத்த ஸ்டூடியோ, பல அட்டைகளில் திரைப்பட நிறுவனத்தின் பெயர் என்று ஒரு வரியில் நாலு தகவல் இருக்கும். எண் 3581/1 என்கிற பாணியில் சாய்கோட்டோடு வரும். குறித்துவைக்கும்போது சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவும் எண்ணின் பகுதிதான். சேகரிப்பாளர்கள் இந்த எண்ணை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். மூன்று இலக்க எண்கள் 1920-களின் முதல் பாதி. 3000 வரிசை தோராயமாக 1928-29, 4000 வரிசை 1929-30, 5000 வரிசை 1930-31. அதற்கு மேலே போனால் பேசும்படக் காலம். ‘ஊமைப்பட நடிகை’ என்ற தலைப்போடு 8000 வரிசை அட்டை விற்பனைக்கு வந்தால், நடிகை அவராகவே இருக்கலாம், படம் ஊமைப்படக் காலத்தது அல்ல. ரோஸ் யூதர். நாஜி ஆட்சியில் நிறுவனத்தை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். 1941-இல் அவர் பெயரையும் எடுத்துவிட்டு ஃபிலிம்-ஃபோட்டோ-ஃபெர்லாக் என்று மாற்றினார்கள். முதுகில் அந்தப் பெயர் இருந்தால் ஊமைப்படத் தேடலுக்கு அந்த அட்டை வேண்டாம்.

ஸ்டூடியோ பெயர்களையும் பழகிக்கொள்ளுங்கள். பெர்லினில் அலெக்ஸாண்டர் பிண்டர், பெக்கர் & மாஸ், கார்ல் ஷெங்கர்; வியன்னாவில் மனாஸே. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிண்டர் 1929-இல் இறந்துவிட்டார், ஸ்டூடியோ அவர் பெயரிலேயே தொடர்ந்து நடந்தது. ஆகவே 1930-களின் அட்டையில் ‘பிண்டர்’ என்று இருந்தால் அது கடையின் பெயர். கேமராவுக்குப் பின்னால் நின்றவர் வேறு ஆள். விற்பவர் அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் பிக்சர்கோயர் அஞ்சலட்டை வரிசை, பிரான்சின் சினிமகசீன் வெளியீடுகள் ஆகியவையும் இதே தகுதி உள்ளவைதான். ஜெர்மன் சிகரெட் பெட்டிகளோடு வந்த சின்னப் படங்கள் வேறு ரகம். அவற்றை ‘ரோஸ் ஒளிப்படம்’ என்று பெரிய அட்டை விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அளவு என்ன என்று மில்லிமீட்டரில் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

யாரைச் சேர்ப்பது

எல்லோரையும் சேர்க்கக் கிளம்பினால் ஆறு மாதத்தில் பெட்டி நிறையும், தொகுப்பு என்று ஒன்று இருக்காது. ஒரு நடிகை, அல்லது ஒரு ஸ்டூடியோ, அல்லது ஒரு திரைப்படம் என்று எல்லை போடுங்கள். லூயிஸ் புரூக்ஸ், கார்போ, அன்னா மே வாங் ஆகியோருக்கு உலகம் முழுக்கப் போட்டி. அவர்களுடைய அட்டைகள் மற்றவற்றைப்போலப் பல மடங்கு விலை போகும். புரூக்ஸ் 1928-29-இல் பாப்ஸ்ட் இயக்கத்தில் பெர்லினில் நடித்த காலத்து அட்டைகளுக்கு ஏலத்தில் அடிதடியே நடக்கும். அதே காலத்து ஓஸி ஓஸ்வால்டா, லியா மாரா, லீ பாரி ஆகியோர் அந்நாளில் பெரும் கூட்டம் இழுத்தவர்கள், இன்று கேட்பார் குறைவு. ஒளியமைப்பிலும் உடையிலும் அந்த அட்டைகள் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. கைக்காசு குறைவாக உள்ளவருக்கு நல்ல வேட்டைக்காடு அதுதான்.

நடுத்தர வழி ஒன்றும் உண்டு: போலா நெக்ரி. 1922-இல் பெர்லினிலிருந்து ஹாலிவுட் போனவர். போவதற்கு முந்தைய ஜெர்மன் அட்டையையும் பிந்தைய அமெரிக்க பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டு ஊர் ஸ்டூடியோக்களும் ஒரே முகத்துக்கு எப்படி விளக்குப் போட்டன என்பது தெரியும்.

இந்திய முகம் வேண்டும் என்பவர்கள் சீதாதேவியைத் தேடலாம். இயற்பெயர் ரெனே ஸ்மித். தயாரிப்பாளர் ஹிமான்சு ராய், ஜெர்மன் இயக்குநர் ஃபிரான்ஸ் ஓஸ்டன் கூட்டணியின் மூன்று ஊமைப்படங்களிலும் (1925, 1928, 1929) நடித்தவர். அவை ஜெர்மன் கூட்டுத் தயாரிப்புகள். எனவே மும்பை, கொல்கத்தா பழைய பொருள் கடைகளோடு நிறுத்தாமல் ஜெர்மன் விற்பனைப் பட்டியல்களிலும் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றியும் தேடுங்கள்.

கையில் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

வரிசை முக்கியம். யுவி டார்ச்சை முதலில் எடுக்காதீர்கள், லென்ஸை எடுங்கள்.

முதலில் கன்னம், கழுத்து போன்ற வெளிர் பகுதியை லென்ஸில் பாருங்கள். நிஜ ஒளிப்படத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு வழவழவென்று போகும், புள்ளி இருக்காது. வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்துப் படம். பத்திரிகையிலிருந்து வெட்டியதாகவும் இருக்கலாம். பல வண்ணத்தில் சிதறிய பொடிப் புள்ளிகள் என்றால் இன்க்ஜெட். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் நீலமும் ரோஜாவும் எட்டிப்பார்த்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

இரண்டாவது, ஜன்னல் பக்கம் போய்ப் படத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்பான பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரிகிறதா? படத்திலுள்ள வெள்ளி, காற்றிலும் ஈரத்திலும் பல்லாண்டு இருந்து மேற்பரப்புக்கு வந்து படிவதால் உண்டாவது அது. புதியவர்கள் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் பார்ப்பார்கள். துடைக்காதீர்கள். வயதுக்கு இதைவிட நல்ல அத்தாட்சி குறைவு. அது இல்லை என்பதற்காகப் படம் போலி என்றும் ஆகாது. ஆல்பத்தில் மூடியே கிடந்த அட்டை சுத்தமாக இருக்கும்.

மூன்றாவது, கீறல்களும் மடிப்புகளும். படத்தில் ஒரு மடிப்புக்கோடு தெரிகிறது, ஆனால் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் தாள் சமமாக இருக்கிறது என்றால், மடிப்பு வேறொரு பிரிண்ட்டில் இருந்தது. அதைக் கேமராவில் எடுத்து மறுபடி அச்சிட்ட நகல்தான் உங்கள் கையில் இருக்கிறது. நகலின் இன்னொரு அடையாளம் நிழல். கறுப்பு உடையின் மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து தார் பூசிய மாதிரி ஆகிவிடும், நெற்றியின் வெளிச்சம் வெளுத்துப்போயிருக்கும். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் நிழலிலும் வெளிச்சத்திலும் உள்ள நுணுக்கங்கள்தான் முதலில் போகும்.

அதன் பிறகு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை எடுங்கள். பக்கத்தில் ஒரு புது ஏ4 தாளை வையுங்கள், ஒப்பிட வசதி. தாளை வெண்மையாக்கும் ஒளிர் ரசாயனங்கள் ஒளிப்படத் தாளில் சேர்ந்தது 1950-களின் தொடக்கத்தில்தான். முதுகோ வெள்ளை ஓரமோ ஏ4 தாள்போல நீலமாகப் பளிச்சிட்டால் அந்தத் தாள் 1920-களுடையது அல்ல. ஒளிராவிட்டால்? அப்போதும் முடிவுக்கு வராதீர்கள். இந்த ரசாயனம் சேர்க்காத தாள்கள் பிறகும் வந்தன. ஒளிர்ந்தால் பொய் நிச்சயம், ஒளிராவிட்டால் மெய் என்பதற்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவே. ஒட்டிய டேப், பிற்காலச் சீட்டு ஆகியவை தனியாக ஒளிரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஸ்கேல். ரோஸ் அட்டை 14 சென்டிமீட்டரில் அரை சென்டிமீட்டர் குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆல்பத்துக்குள் நுழைப்பதற்காக வெட்டியது, கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் வெட்டுவது அடிப்பக்கம் என்றால் எண்ணும் ஸ்டூடியோ பெயரும் அதோடு போய்விடும். அப்படி எண் இழந்த அட்டையைப் பாதி விலைக்கும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

ஹாலிவுட் பிரிண்ட்டுக்குப் போகும்போது

இருபது முப்பது அட்டைகளைச் சோதித்துக் கை பழகிய பிறகு அடுத்த படி: 8 × 10, 10 × 13, 11 × 14 அங்குல ஸ்டூடியோ பிரிண்ட்கள். எடுத்த ஒளிப்படக்காரர்கள் இவர்கள்: லாஸ் ஏஞ்சலஸில் விட்ஸல், எவன்ஸ், ஹார்ட்சூக்; நியூயார்க்கில் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் மேடை நிகழ்ச்சியின் அழகியரை எடுத்த ஆல்ஃபிரட் சேனி ஜான்ஸ்டன்; பாராமவுண்டில் யூஜீன் ராபர்ட் ரிச்சி; எம்.ஜி.எம்.மில் 1925 முதல் ரூத் ஹாரியட் லூயிஸ். அந்த ஸ்டூடியோவின் முகப்பட அறைக்குப் பொறுப்பேற்றபோது லூயிஸுக்கு வயது 22. 1930-இல் விலகிவிட்டார். அவர் எடுத்தவை அந்த ஐந்தாண்டுக்குள் அடங்கிவிடுவதால் தேடுகிறவருக்கு எல்லை தெளிவு, விலை மட்டும் தெளிவில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது.

இந்த பிரிண்ட்களில் பலவும் 8 × 10 அங்குல நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து ஒளி பாய்ச்சி எடுத்தவை. பெரிதாக்கும் வேலையே இல்லை. அதனால் லென்ஸை நடிகையின் கண்ணுக்கு மேல் வைத்தால் இமைமுடி ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். கண்ணுக்குக் கீழேயும் தாடை ஓரத்திலும் பொடிப்பொடியாக வெளிறிய கோடுகள் இருக்கும். சுருக்கம் மறைக்க நெகட்டிவில் கூரான பென்சிலால் இழுத்தவை அவை; நெகட்டிவில் கறுப்பு, பிரிண்ட்டில் வெளுப்பு. அந்தப் பென்சில் கோடு தனித்தனியாகத் தெரிகிற பிரிண்ட், நெகட்டிவுக்கு மிக நெருக்கமானது. நகலில் அந்தக் கோடுகள் கரைந்து முகம் மாவு பூசினாற்போல் ஆகிவிடும், இமைமுடிகள் ஒரே பட்டையாகச் சேர்ந்துவிடும். இந்த ஒரு இடத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் மற்ற சோதனைகளில் பாதி தேவைப்படாது.

தாளின் கனத்தையும் விரலால் உணருங்கள். பரிசாகவும் காட்சிக்கும் கொடுத்தவை பொதுவாகக் கனத்த, பளபளப்பில்லாத மாட் தாள். பத்திரிகைகளுக்கு அனுப்பியவை மெல்லிய பளபளப்புத் தாள். மெல்லியது என்பதால் போலி அல்ல, வேலை வேறு. பிளாஸ்டிக் பூசினாற்போல் வழுக்கும் தாள் 1960-களின் இறுதிக்குப் பிறகு வந்தது. அதில் ஊமைப்படக் காலத்து அசல் இருக்க வழியே இல்லை.

பிறகு முதுகு. ஒளிப்படக்காரரின் மை முத்திரை, ஸ்டூடியோ ஒட்டிய தட்டச்சுச் சீட்டு, பத்திரிகை அலுவலகத் தேதி முத்திரை, பென்சில் குறிப்புகள் என்று நிறைய இருக்கலாம். தேதி முத்திரை படம் பயன்பட்ட நாளைத்தான் சொல்லும், எடுத்த நாளை அல்ல. நடிகை இறந்தபோது பத்திரிகைக்காரர்கள் கோப்பிலிருந்து எடுத்து மறுபடி முத்திரை போட்டிருப்பார்கள். முத்திரை மட்டும் புத்தம்புதிதாக, மை படிந்த விதம் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் செய்ய இன்றும் சில நூறு ரூபாய்தான். இடது ஓரத்தில் துளைகளும் பின்னால் துணியும் இருந்தால் அது ஸ்டூடியோவே வைத்திருந்த பதிவேட்டுப் பிரதி. துளையைக் குறையாக நினைக்காதீர்கள்.

ஏலப் பட்டியல்களில் டைப் 1, டைப் 2 என்று வரும். அசல் நெகட்டிவிலிருந்து, படம் எடுத்த சுமார் 2 ஆண்டுக்குள் அச்சிட்டது டைப் 1. அசல் நெகட்டிவ்தான், ஆனால் பிற்காலத்தில் அச்சிட்டது டைப் 2. நகல் நெகட்டிவிலிருந்து அந்தக் காலத்திலேயே எடுத்தது 3, பிற்காலத்தில் எடுத்தது 4. டைப் 2-வில்தான் பணம் அதிகம் தொலையும், ஏனென்றால் பார்க்க டைப் 1-ஐவிட அழகாக இருக்கும். ஜான் கோபால் என்ற சேகரிப்பாளர் ஹாலிவுட் நெகட்டிவ்களைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றி, அவற்றிலிருந்து புது பிரிண்ட்கள் போடவைத்தார். நல்ல காரியம். அவற்றை அவற்றின் பெயரிலேயே, அவற்றின் விலையிலேயே வாங்குங்கள்.

கையெழுத்துக்கு ஒரு எச்சரிக்கை. ரசிகர் கடிதத்துக்குப் பதிலாக ஸ்டூடியோக்கள் அனுப்பிய 5 × 7 அங்குலப் படங்களில் கையெழுத்து பெரும்பாலும் நெகட்டிவிலேயே எழுதியது. லென்ஸில் பார்த்தால் படத்தின் நிறமும் எழுத்தின் நிறமும் ஒன்றாக, ஒரே தளத்தில் இருக்கும். நிஜ மை தாளின் மேலே உட்கார்ந்திருக்கும், சாய்த்தால் தனியாக மினுங்கும். நிஜ மை என்றாலும் எழுதியது செயலாளராக இருக்கலாம். புதியவர் கையெழுத்துக்கென்று ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காமல் படத்துக்கு மட்டும் விலை கொடுப்பது நல்லது.

வாங்கும்போது

இணைய ஏலத்தில் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: முதுகு முழுவதும், பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்த முகப்பு, ஸ்கேலோடு அடி ஓரம். கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ‘பழைய பாணி’, ‘அசலிலிருந்து எடுத்தது’, ‘புகைப்படத் தரம்’ போன்ற சொற்கள் விவரத்தில் இருந்தால் அது மறு அச்சு என்று படித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒவ்வோர் அட்டையாக வரவழைத்தால் தபால் செலவு அட்டை விலையைத் தாண்டும். ஒரே விற்பனையாளரிடம் பத்துப் பதினைந்தைச் சேர்த்து வாங்குங்கள், சுங்க வரியையும் கணக்கில் வையுங்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். டேப் படத்தின் மேல் படவே கூடாது என்று எழுதிக் கேளுங்கள், சொல்லாமல் யாரும் செய்வதில்லை.

வைத்துக் காப்பது

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற இடங்களில் எதிரி ஈரம். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால், படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் பூஞ்சைக்குச் சாப்பாடு. வெள்ளிமீன் பூச்சிக்கும் அப்படித்தான். முகப்பை மேலாகச் சுரண்டித் தின்றுவிடும். ஒவ்வொரு படத்தையும் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள், மைலார் என்று கேட்டால் கிடைக்கும். பி.வி.சி. ஆல்பம், காந்த ஆல்பம் என்று விற்கிற ஒட்டும் பக்கங்கள், லேமினேஷன் மூன்றும் வேண்டவே வேண்டாம். உறைகளை மூடி இறுக்கமான பாலிப்ரோப்பிலீன் டப்பாவில் நிற்கவைத்து, 10 லிட்டர் டப்பாவுக்கு 100 முதல் 200 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில் போடுங்கள். ஹைக்ரோமீட்டரும் உள்ளேயே இருக்கட்டும். முள் 35-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் சரி. 30-க்குக் கீழே போனால் தாள் சுருளும், பாதி ஜெல்லை வெளியே எடுங்கள். டப்பாவை இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்த அலமாரியும் புது பிளைவுட்டும் விடும் வாயு வெள்ளியைத் தாக்கும்.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படத்தின் குறுக்கே பழுப்புக் கோடு போட்டுவிடும். அது போகவே போகாது.

சுத்தம் செய்ய மிருதுவான பிரஷ், காற்றடிக்கும் ரப்பர் குமிழ், இவ்வளவுதான். தண்ணீர், ஸ்பிரிட், அழிப்பான் எதையும் முகப்பில் வைக்க வேண்டாம். முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆல்பத் தாளை ஊறவைத்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஊறும்போது ஜெலட்டின் உப்பி, ஏற்கெனவே உள்ள வெடிப்புகளின் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்தத் தாள் பின்னாலேயே கிடந்துவிட்டுப் போகட்டும்.

வந்த அன்றே இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, எண், அளவு, விலை, வாங்கிய தேதி, குறைகள் எல்லாவற்றையும் ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றுங்கள். சுவரில் மாட்ட ஆசை இருந்தால் அசலை மாட்டாமல் அந்த ஸ்கேனை அச்சிட்டு மாட்டுங்கள். ஈர நாளில் ஜெலட்டின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. அசலைத்தான் மாட்டுவேன் என்றால் இடையில் ஒன்றரை மில்லிமீட்டர் மவுண்ட் அட்டை வைத்து, வெயில் படாத சுவராகப் பாருங்கள். அச்சிட்ட பிரதியின் முதுகில் ‘நகல்’ என்றும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் என்றாவது ஒருநாள் யாரோ அதையே அசல் என்று ஏலத்தில் போடுவார்கள்.